பன்னிரண்டு இலக்கங்களின் வரலாறு

பள்ளிப் படிவங்களில் நாம் ஓயாமல் நிரப்பும் அடையாள அட்டை எண்ணின் வேர், பள்ளியிலோ வங்கியிலோ இல்லை, போரில் இருக்கிறது.

1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைப் பொதுமக்களிடமிருந்து பிரித்தறிய, 12 வயது நிரம்பிய அனைவரும் நிழற்படமும் கைரேகையும் கொண்ட அட்டை வைத்திருக்க வேண்டுமெனப் பிரிட்டிஷ் அரசு ஆணையிட்டது. கொரில்லாக்கள் மக்களிடமிருந்து அவ்வட்டைகளைப் பறித்து அழித்தனர். ஒரு காகிதத் துண்டுக்கு எத்துணை வலிமை என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர்! (பிற்காலத்தில் அட்டையின் சிவப்பு நிறம் நம்மவர் பலருக்குத் தந்த வேதனை தனிக் கட்டுரைக்குரியது.)

1990-இல் பன்னிரண்டு இலக்க எண் வந்தது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அதாவது, எண்ணைப் பார்த்தாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த நாளை மாற்ற இயலுமா?

2001-இல் சில்லு பதித்த மைகார்டும், 2003-இல் சிறுவர்க்கான மைகிட்டும் அறிமுகமாயின. சில்லு அட்டையைக் காத்தது. ஆனால் வங்கி, மருத்துவமனை, தொலைபேசி நிறுவனம் எனக் கணினி வலைப்பின்னல் விரிந்தபோது, எங்கும் ஒரே எண்ணே திறவுகோலாயிற்று. ஓரிடத்தில் கசிந்தது மற்ற இடங்களின் கதவையும் தட்டும்.

அதுவே 2017-இல் வெளிச்சத்திற்கு வந்தது. 4 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள், பெயர், முகவரி, அடையாள அட்டை எண்ணோடு கசிந்திருந்தன. நாட்டின் மக்கள்தொகையோ அப்போது ஏறத்தாழ 3.2 கோடிதான்!

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருந்தது. எனினும் தரவு கசிந்தால் அறிவித்தே ஆகவேண்டும் என்ற கடப்பாடு 2025 ஜூன் முதல்தான் ஏற்பட்டது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் அச்சட்டம் கட்டுப்படுத்தாது. அது வணிகம் சார்ந்தது. இது பெருங்குறை என்பதே என் கருத்து.

ஆகவே மாணவர் விவரங்களைக் காப்பதில் முதற்பொறுப்பு நம் கையில்தான் உள்ளது. பெயர்ப்பட்டியலைப் புலனக் குழுவில் அனுப்புமுன் மைகிட் எண் உள்ள கட்டத்தை நீக்கிவிடுங்கள். சுற்றுலாப் பேருந்தில் தலை எண்ணுவதற்குப் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் போதும். பெற்றோரே, எண் எதற்கு என்று எங்களைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.