கிரீஸ் நிப்பிள் போனபோது கூடவே போனது

போன மழைக்காலத்தில் என் கார் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் முன்பக்கம் இடதுபுறம் "டொக்" என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஷாக் அப்சார்பர் போயிடுச்சு என்றார்கள். மாற்றினேன், காசு போனது, சத்தம் போகவில்லை.

அடுத்த பட்டறையில் ஒரு வயசான மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார். லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் ஒரு நீளக் கம்பியை விட்டு நெம்பினார். கண்ணுக்கே தெரிகிற ஆட்டம். பால் ஜாயின்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் சேறும். "அம்பாசடரா இருந்தா இவ்ளோ தூரம் விட்டிருக்க மாட்டோம் தம்பி, கிரீஸ் அடிக்கும்போதே தெரிஞ்சிருக்கும்" என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடியதுதான் இந்தக் குறிப்பு.

பழைய கார்களில் முன்சக்கரம் கிங்பின் என்கிற தண்டைச் சுற்றித்தான் திரும்பும். அதற்கு ஒரே அச்சு. சக்கரம் மேலும் கீழும் போக வேறு பின்னும் புஷ்ஷும் தனியாக வேண்டும். தேய்கிற இடத்துக்கெல்லாம் ஒரு கிரீஸ் நிப்பிள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த நம் அம்பாசடரும் இந்தப் பரம்பரைதான்.

பால் ஜாயின்ட் நம் இடுப்பு மூட்டு மாதிரி: ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து. திரும்புவதும் ஏறி இறங்குவதும் ஒரே மூட்டில் முடிந்துவிடும். ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃபௌடி 1922-லேயே காருக்கான பந்து மூட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அமெரிக்கக் கார்களில் முன் சஸ்பென்ஷனுக்கு அது வந்தது 1952 லிங்கனில். 1954-ல் ஃபோர்டுக்கும் வந்தது.

அடுத்த மாற்றம்தான் முக்கியம். 1961 மாடல்களுக்கு ஃபோர்ட் செய்த விளம்பரம்: சேஸிஸுக்கு 30,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் போதும். அதற்கு முன் ஆயிரம், இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருந்தது. பிறகு நிப்பிளே இல்லாமல், ஆயுள் முழுக்க கிரீஸ் அடைத்து சீல் வைத்த மூட்டுகள் வந்தன. இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஒரு சக்கரத்துக்குக் கீழே ஒரே ஒரு பால் ஜாயின்ட்.

நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிரீஸ் கன்னோடு காருக்கு அடியில் போகிறவர் கிரீஸ் மட்டுமா அடித்தார்? கிழிசலையும் ஆட்டத்தையும் பார்த்தார். அந்த வேலை போனதும் பார்ப்பதும் போய்விட்டது. பந்து கிண்ணத்திலிருந்து கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடிந்து, ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும். 2005-ல் டொயோட்டா அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப், எஸ்யுவி வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்தச் சின்ன மூட்டுக்காகத்தான்.

என் காரில் பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும். பூட்டு போல்ட்டைக் கழற்றி, ஆர்மையே மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்தோம். அரை நாள் வேலை. சத்தம் நின்றுவிட்டது.

சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். "இதைத் தொடவே வேண்டாம்" என்று சொல்லப்படும் கோடைத்தான் பல வருஷம் யாரும் திறந்தே பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் சர்வீஸுக்கு விடும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: "லிஃப்ட்ல ஏத்தினதும் பால் ஜாயின்ட் பூட்டை ஒரு தடவை பாத்துடுங்க, லீவர் வச்சு நெம்பிடுங்க." இரண்டு நிமிஷம்தான் ஆகும். நீங்களும் கேளுங்கள்.