அணங்கும் அதன் விதியும்: பேய்ப்படக் கதைக்கருவின் புதுமை குறித்து

பேய்ப்படங்களில் புதுமை குன்றிவிட்டது என்ற குறை எழும்போதெல்லாம், படைப்பாளர்கள் பேயின் தோற்றத்தையோ அது பேயான காரணத்தையோ மாற்றிப் பார்க்கின்றனர். ஆனால் கதைக்கரு இவ்விரண்டிலும் இல்லை. இறந்தவர் எந்த வழியாக, எந்த நிபந்தனைக்கு உட்பட்டு, உயிரோடிருப்பவரை அடைகிறார் என்னும் விதியே கதைக்கரு. அவ்விதி, கதை நிகழும் சமூகம் ஐயமின்றி நம்பும் ஏதேனும் ஒன்றிலிருந்து எடுக்கப்படும்போதுதான் கரு புதிதாகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைக் கூறுகிறது. வருத்தும் தெய்வ ஆற்றலாகிய அணங்கும், ஆளும் அதிகாரமாகிய இறையும் ஒரே வரிசையில் நிற்பது கருதத்தக்கது. பழையனூர் நீலி கதையின் வலிமை இவ்விரண்டையும் பிணைத்ததில் இருக்கிறது. கணவனால் கொல்லப்பட்டவள் கைக்குழந்தையோடு ஒரு வணிகனின் மனைவியாக வந்து முறையிட, வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பி, அவ்வணிகனின் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்து, அவனை அவளோடு தங்கச் செய்கின்றனர். விடிந்ததும் அவன் பிணமாகக் கிடக்க, அவர்கள் வாக்குத் தவறாது தீப்பாய்கின்றனர். நீலி கதவை உடைத்து நுழையவில்லை. நல்லோர் கூடிய அவையே அவளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

கோஜி சுசுகியின் 1991ஆம் ஆண்டு நாவலைத் தழுவி ஹிடியோ நகாட்டா 1998இல் இயக்கிய 'ரிங்கு'வும் இவ்வாறே அமைந்தது. கிணற்றில் தள்ளப்பட்ட பெண்ணின் ஆவி ஜப்பானியருக்குப் பழையது. தட்டு எண்ணும் பணிப்பெண் ஒகிகுவின் கதையாக அது நெடுங்காலம் வழங்கி வந்தது. புதியது வீடியோ நாடாவின் இயல்பு. பார்த்தவர் ஏழு நாளில் இறப்பார். படியெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் மட்டுமே பிழைப்பார். எலும்பைக் கண்டெடுத்தால் ஆவி அமைதியுறும் என்ற மரபுவழி முடிவை முதலில் தருவதுபோல் காட்டி, பின் அதைப் படம் மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பிலேயே படத்தின் மேன்மை உள்ளது எனலாம். நாவலின் ஆண் நாயகனைப் படம் ஒரு தாயாக்கியதால், மகனைக் காக்கத் தன் தந்தையிடம் நாடாவைக் கொண்டு செல்லும் முடிவு தாங்கவொண்ணாத கனம் பெறுகிறது. படியெடுப்பதும் கைமாற்றுவதும் நாடாவின் அன்றாடப் பயன்கள். அப்பயனே இங்குச் சாபமாகிறது.

தமிழ்த் திரையில் 'யாவரும் நலம்' (2009) இவ்வழியில் சென்ற அரிய முயற்சி. குடும்பம் கூடியமர்ந்து பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் அக்குடும்பத்தின் வாழ்வே ஓடத் தொடங்குகிறது. 'காஞ்சனா' (2011) திருநங்கை ஒருவரின் துயரை வெகுமக்கள் முன் வைத்தது பெருமைக்குரியதே. எனினும் அங்கு ஆவி எவர் உடலில் புகுவது, எப்போது விலகுவது என்பதற்குக் கதையின் வசதியன்றி வேறு கட்டுப்பாடு புலப்படுவதில்லை. அநீதி மனத்தை உருக்கும். அச்சத்தைத் தருவது கட்டுப்பாடே.

இக்கருத்தை ஒரு கருவை உருவாக்கியே சோதிக்கலாம். ரேஷன் கடையில் கைரேகை பதிந்து அரிசி வாங்கும் முறை தமிழக வீடுகளுக்குப் பழகிப்போனது. இறந்த பாட்டியின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்படாதிருக்க, மாதந்தோறும் அவர் ரேகை பதிவாகி, அரிசியும் வீடு வந்து சேர்கிறது என்று கொள்க. அட்டையில் பெயருள்ளவரை அவர் அவ்வீட்டு உறுப்பினர் என்பதே விதி. இறந்தவர் வாயில் உற்றார் இடுவது வாய்க்கரிசி. இங்கோ இறந்தவர் வாங்கிய அரிசியை உற்றார் உண்கின்றனர். பெயர் நீக்க விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர், பாட்டிக்கு வாய்க்கரிசி இடாமல் வெளியூரில் தங்கிவிட்ட மகன்.