பாட்டுக்காகச் சுத்தின சில்லு

சாவி குடுத்தால் ஓடுற பழைய பொம்மைக் கோச்சியைக் கழட்டிப் பார்த்தால் உள்ளுக்குப் பெரிய மர்மம் ஒண்டும் இல்லை. சுருட்டி வைச்ச ஒரு எஃகு வில். அது ஒரேயடியா அவிழாமல் மெல்ல மெல்ல அவிழ வைக்கிற சில பற்சில்லுகள். சாவி பின்னுக்குத் திரும்பாமல் பிடிக்கிற ஒரு கொக்கி. ஜெர்மனியின் மேர்க்லின் கொம்பனி 1891 இல் லைப்சிக் சந்தையில் காட்டின கோச்சியும், இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹோர்ன்பி 1920 இல் விற்கத் தொடங்கின கோச்சியும் இந்த வில்லில்தான் ஓடின. அதுகளைத் தேடி வாங்கித் திருத்துறதையே பொழுதுபோக்கா வைச்சிருக்கிற ஆக்கள் உலகம் முழுக்க இருக்கினம். அனேகமா பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகிப்போயிருக்கும், இல்லாட்டி வில்லின்ர முனை முறிஞ்சிருக்கும். முனையை நெருப்பில காட்டி இளக்கி, திரும்ப ஒரு கொளுக்கி வளைச்சு மாட்டினால் கோச்சி ஓடும். வேலை முடிஞ்சால் காசு வராது. அது ஓடுறதைப் பார்க்கிற சந்தோசம் மட்டும்தான் மிச்சம்.

எங்கட நெடுங்கேணியில் பொம்மைக் கோச்சிக்கு எங்க போறது? உண்மையான கோச்சியே இல்லை. தண்டவாளம் புளியங்குளத்தாலதான் போகுது. 1956 இல் ஓடத் தொடங்கின யாழ்தேவி, 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினதோட வவுனியாவுக்கு வடக்கே வராமல் நிண்டது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயிற்று. 2011 இல் ஓமந்தை வரைக்கும், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரைக்கும் பாதை திரும்ப வந்தது. கணக்குப் பாருங்கோ: 1990 இல் வன்னியில் பிறந்த பிள்ளை ஊரை விட்டு வெளிய போகாமலே வளர்ந்திருந்தால், தன்ர பக்கத்துப் பாதையில் கோச்சி ஓடுறதைக் காண 23 வயது ஆகியிருக்கும். அதுவரைக்கும் கோச்சி எண்டால் முன்னுக்கு நிக்கிறவன்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு 'கூ' எண்டு ஓடுறதுதான், இல்லாட்டி தீப்பெட்டிகளை நூலில கோர்த்து இழுக்கிறது.

ஆனால் வில்லுக்குப் பதிலா எங்களிட்ட வேற ஒண்டு இருந்தது: சைக்கிள் டைனமோ.

1990 க்குப் பிறகு அரசாங்கம் வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாது எண்டு தடை போட்ட சாமான்களில் பற்றறியும் ஒண்டு. கரண்டும் இல்லை. வீட்டில றேடியோ இருக்கும், வாய் திறக்காது. பழைய பற்றறியை வெயிலில காய வைச்சுப் பார்த்தார்கள், ஆணியால ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முனகிப்போட்டு அது திரும்பச் செத்துப்போகும். அதுக்குப் பிறகுதான் சைக்கிளைக் கவிட்டு நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்துற வேலை வந்தது.

இதில இருக்கிற பொருத்தம் எங்களுக்கு இண்டைக்கும் அதிசயமா இருக்கு. சைக்கிள் டைனமோ 6 வோல்ற் தாறது. நாலு பற்றறி போடுற றேடியோவுக்கும் 6 வோல்ற்தான் தேவை. ஒரே ஒரு சிக்கல், டைனமோவுக்குள்ள காந்தம் சுழலுறதால வாற மின்சாரம் திசை மாறி மாறி வரும். றேடியோவுக்கு ஒரே திசையில வரவேணும். உடைஞ்ச றேடியோ ஒண்டிலயிருந்து நாலு டயோட்டைக் கழட்டிப் பாலம் மாதிரிப் பத்தவைச்சு, இரைச்சல் குறையப் பக்கத்தில ஒரு கப்பாசிற்றரும் போட்டால் சரி. சுத்துற வேகம் குறைஞ்சால் பாட்டு இழுபடும். கண்மண் தெரியாமல் சுத்தினால் வோல்ற் ஏறி றேடியோவே எரிஞ்சுபோகலாம். பொம்மைக் கோச்சியில் பற்சில்லு செய்யிற வேலையை இங்க மனுசன்ர கை செய்யவேணும்.

இந்தக் கதை புதுசில்லை எண்டு நீங்கள் சொல்லுவீங்கள். 'பொருளாதாரத் தடைக்குள்ளும் எங்கட சனத்தின்ர கண்டுபிடிப்பு' எண்டு ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள் எல்லாத்தோடயும் சேர்த்து நிறையப்பேர் எழுதியிருக்கினம். எங்களுக்கு அதில ஒரு குறை. அந்தக் கட்டுரைகளில் டைனமோ எப்பவும் செய்திக்காகத்தான் சுத்தும். இரவு பிபிசி தமிழோசை, அதோட முடிஞ்சுது. வீட்டில பெரியாக்களைக் கேட்டால் அவையும் முதலில அதைத்தான் சொல்லுகினம். கொஞ்சம் விட்டுப்பிடிச்சால்தான் மற்றது வெளிய வரும்: செய்தி முடிஞ்ச பிறகும் சுத்தினது, கசற்றில இளையராஜா பாட்டுக்காகச் சுத்தினது, கலியாண வீட்டில ஆள் மாறி ஆள் சுத்தினது. சொல்லேக்க ஒரு கூச்சம். சண்டைக் காலத்தில பாட்டுக் கேட்டது ஏதோ களவு செய்த மாதிரி.

ஏன் கூச்சப்படவேணும்? சாப்பாட்டுக்கே வழி தேடித் திரிஞ்ச ஒரு ஆள் பின்னேரம் வந்து கை நோக நோகப் பெடல் சுத்திப் பாட்டுக் கேட்டிருக்கிறார் எண்டால், அந்தப் பாட்டு அவருக்கு எவ்வளவு தேவையா இருந்திருக்கும்! உயிர் தப்பினதை மட்டும் எழுதுற வரலாற்றில் இந்த ஆளுக்கு இடம் இல்லை. அவரை நாங்கள் தியாகியாவும் பாதிக்கப்பட்டவராவும் மட்டும்தான் பார்த்துப் பழகியிருக்கிறம். றேடியோவைக் கழட்டிப் பூட்டுறதில அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது, அது அவரின்ர சொந்தச் சந்தோசம் எண்டு எழுதினால் என்ன குறைஞ்சுபோகும்?

அதே காலத்திலதான், 1991 இல், இங்கிலாந்தில் ட்ரெவர் பேய்லிஸ் எண்டவர் சாவி குடுத்து ஓடுற றேடியோ ஒண்டைச் செய்தார். பற்றறி வாங்க வழியில்லாத ஆபிரிக்கக் கிராமங்களுக்காகச் செய்தது. பொம்மைக் கோச்சியின்ர அதே வில் யோசனைதான், வில் அவிழ அவிழ உள்ளுக்கு ஒரு சின்ன டைனமோ சுழலும். அதைத் தென்னாபிரிக்காவில் தொழிற்சாலை வைச்சுச் செய்து உலகம் முழுக்க வித்தார்கள், அவருக்கு விருதும் கிடைச்சது. வன்னியில் டயோட் பத்தவைச்ச கைகளின்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை.

1997 மே மாதம் ஜெயசிக்குறு தொடங்கினபோது நெடுங்கேணிச் சனம் இடம்பெயர்ந்தது. டைனமோ சைக்கிளிலயே பூட்டியிருந்ததால அதுவும் கூடவே போச்சுது. 2002 இல் தடை தளர்ந்து கடையில பற்றறி தொங்கத் தொடங்கினதும் அதைத் தேடுவார் இல்லை. மிஞ்சினது 2009 இல் சைக்கிளோட சேர்ந்து அங்கங்க விடுபட்டது, இல்லாட்டிப் பழைய இரும்புக்காரனிட்டப் போனது.

இதுவரைக்கும் ஊருக்குள்ள தேடினதில எங்களுக்கு மூண்டு டைனமோ கிடைச்சிருக்கு. ஒண்டு இப்பவும் வேலை செய்யுது, அதில ஒரு சின்ன றேடியோவைப் பாட வைச்சம். மற்ற ரெண்டிலயும் உள்ளுக்குச் செம்புச் சுருள் அறுந்துபோச்சு. சுருள் சுத்தத் தெரிஞ்ச ஐயாமார் ஆரும் உங்கட பக்கம் இருந்தால் சொல்லுங்கோ, டைனமோவையும் கொண்டு நாங்களே வாறம்.