மரக்காணம்

மரக்காணம், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையோரமாக அமைந்துள்ள ஒரு பேரூராட்சியும் வட்டத் தலைமையிடமும் ஆகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவிலும், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவிலும் இவ்வூர் உள்ளது. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுடன் சேர்த்து, தமிழ்நாட்டில் உப்பு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகின்றது. சாலையில் செல்வோர் பெரும்பாலும் வெண்ணிற உப்புக் குவியல்களைப் பார்த்தவாறே கடந்து விடுகின்றனர். ஆனால் இது சங்க காலத் துறைமுகம் ஒன்றுடன் அடையாளப்படுத்தப்படும் ஊரும் ஆகும்.

நில அமைப்பு

இவ்வூரைப் புரிந்துகொள்ள அதன் நீர்நிலைகளை முதலில் அறிதல் வேண்டும். கழுவெளி என்னும் ஆழமற்ற பெரும் நீர்ப்பரப்பு, மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்துள்ளது. மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் இதில் சேர்கின்றது. உப்புக்கல்லி ஓடையும் எடையன்திட்டுக் கழிமுகமும் இதனைக் கடலுடன் இணைக்கின்றன. கோடையில் கடல்நீர் இவ்வழியே உள்ளேறுவதால் நன்னீரும் உவர்நீரும் பருவத்துக்கேற்ப மாறி மாறி நிற்கின்றன. கடற்கரைக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் மரக்காணமே. 1877-78 பெரும் பஞ்சத்தின்போது சென்னை நகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அதன் பின்னரே அப்போதைய ஆளுநரின் பெயர் இக்கால்வாய்க்கு இடப்பட்டது. படகுப் போக்குவரத்து நின்று பல காலம் ஆகிவிட்டாலும், 2008 இல் இக்கால்வாய் கழுவெளியுடன் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4 இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

வரலாறு

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் என்னும் துறையைப் பாடுகின்றது. அது இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நூலை இயற்றிய நத்தத்தனாரின் ஊர் அமைந்த இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருப்பதும், நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டி இருப்பதும் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள், படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போலக் கரையில் கிடந்ததாகப் புலவர் உவமிக்கின்றார். பாலைவன விலங்கு ஒன்று நெய்தல் நிலக் காட்சிக்கு உவமையாகியிருப்பது கவனிக்கத்தக்கது. புலவர் அதனை நேரில் கண்டாரா, கேட்டறிந்தாரா என்பதை இவ்வுவமையை மட்டும் கொண்டு கூற முடியாது. கிரேக்க நூலான செங்கடல் பயணக்கையேடு குறிப்பிடும் சோபட்மா என்ற துறையும் இதுவே என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்தில் அனைவரும் உடன்படுவதில்லை.

சோழர் காலத்தைச் சேர்ந்த பூமீசுவரர் கோயில் ஊரின் நடுவில் உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் இங்கிருந்த உப்பளங்கள் பற்றிய செய்திகள் காணப்படுகின்றன. உப்பு விளையும் நிலத்தை அவை 'அளம்' என்கின்றன. இன்றைய 'உப்பளம்' என்ற சொல்லில் அது அப்படியே தங்கியுள்ளது.

கழிமுகத்துக்கு வடகரையில், செங்கல்பட்டு மாவட்டத்தின் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. 1750 இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அளிக்கப்பட்ட இக்கோட்டையை 1760 இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். 1805 இல் சென்னை மாகாணத்தில் உப்பு, கம்பெனி அரசின் தனியுரிமை ஆக்கப்பட்டது.

உப்பு உற்பத்தி

3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் உள்ளன. இவற்றுள் மத்திய அரசு நிலமும் மாநில அரசு நிலமும் அடங்கும். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் குத்தகைதாரர்களும் இவற்றில் உற்பத்தி செய்கின்றனர்.

உப்பு எடுத்தல் எளிய வேலையாகத் தோன்றினாலும் அது ஒரு நுட்பமான வேதியியல் பிரிப்பு முறையாகும். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3.5 போமே பாகை. அது பாத்தி பாத்தியாக மாற்றப்பட்டு வெயிலிலும் காற்றிலும் சுண்டுகின்றது. முதலில் சுண்ணாம்புப் பொருளும், பின்னர் ஜிப்சமும் படிகின்றன. 25 பாகையை அடையும்போதுதான் உப்பு படிகமாகத் தொடங்கும். அந்நிலையில் தொடக்கத்தில் இருந்த நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். சுமார் 29 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புக்கள் கலந்து கசப்பு ஏறிவிடும் என்பதால், எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். கடைசிப் பாத்தியின் தரையை மிதித்து இறுக்குவது, படிந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் ஏற்றுவது, சுமந்து சென்று குவிப்பது ஆகிய எல்லாம் பெரும்பாலும் கையால் செய்யும் வேலைகளே. வெண்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணையும், உப்புநீர் காலின் தோலையும் பாதிக்கின்றன. எனவே வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதற்காக விடியுமுன்னரே தொழிலாளர் பாத்திக்கு வந்துவிடுகின்றனர்.

பருவம் ஏறக்குறைய சனவரி, பெப்ரவரியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிக்கும். இடையில் ஒருநாள் பெய்யும் கோடைமழை பல வார உழைப்பைக் கரைத்துவிடக் கூடும். அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கென விற்பது 2006 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆதலால் அயோடின் சேர்க்கும் வசதி இல்லாத சிறு உற்பத்தியாளர், உப்பை அவ்வசதி உள்ள ஆலைகளுக்கோ, மீன் பதப்படுத்தல், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்கோதான் விற்க இயலும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை அற்றுப்போகின்றது. இக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு ரூ. 5,000 மழைக்கால நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு பின்னர் கொண்டுவந்தது. பல மாத வேலையின்மைக்கு இது சிறு தொகையே. 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் இப்பகுதியை ஒட்டிக் கரை கடந்தன.

கழுவெளிப் பறவைகள் சரணாலயம்

வலசை வரும் நீர்ப்பறவைகளுக்குக் கழுவெளி முக்கியமான தங்குமிடம் ஆகும். 2021 டிசம்பரில் 5,151.6 எக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகத்தில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. கழியில் எவ்வளவு உவர்நீர் ஏறவேண்டும் என்பதில் உப்பளம், மீன்பிடிப்பு, வேளாண்மை ஆகியவற்றின் தேவைகள் வேறுபடுகின்றன. மேட்டுநிலக் கிணறுகளில் உப்பு ஏறுவதை உழவர் விரும்புவதில்லை; கழி அடைபட்டால் மீனவருக்கு இழப்பு.

போக்குவரத்து

சென்னை - புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துகள் மரக்காணம் வழியாகச் செல்கின்றன. மேற்கே திண்டிவனத்துக்கும் சாலை வசதி உண்டு. அருகிலுள்ள முதன்மையான தொடருந்து நிலையம் அங்குள்ளது. உப்பு வாருதலைக் காண விரும்புவோர் மார்ச் முதல் சூன் வரையான மாதங்களில் அதிகாலையில் செல்வது நன்று. காலை பத்து மணிக்குப் பின் பாத்திகளில் பெரும்பாலும் ஆட்கள் இருப்பதில்லை.