முதலாளி கையில் 60%-க்கு மேல் பணமா? அமெரிக்க 401கே திட்டத்தின் 'டாப் ஹெவி' டெஸ்ட்... ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு என்றாலே பலருக்கும் 401கே திட்டம்தான். பார்க்க நம்ம ஊர் பி.எஃப் மாதிரி இருந்தாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதில் நிறுவனம் தன் பங்குக்கு பணம் போட்டே ஆகணும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. ஆனால், 'டாப் ஹெவி' என்று முடிவாகிவிட்டால் கதையே வேறு.

சரி, அது என்ன டாப் ஹெவி?

திட்டத்தில் உள்ள மொத்தப் பணத்தில் 60 சதவீதத்துக்கு மேல் 'கீ எம்ப்ளாயி' எனப்படும் முக்கிய ஊழியர்களின் கணக்கில் இருந்தால் அது டாப் ஹெவி. வரிச்சலுகை முழுவதும் மேலே இருப்பவர்களுக்கே போய்விடக் கூடாது என்பதற்காக 1982-ல் கொண்டுவரப்பட்ட விதி இது. முந்தைய திட்ட ஆண்டின் கடைசி நாள் நிலவரம்தான் கணக்கு. ஜனவரியில் தொடங்கும் திட்டம் என்றால், 2025-ன் முடிவை 2024 டிசம்பர் 31 இருப்பு தீர்மானித்துவிடும்.

யார் முக்கிய ஊழியர்?

நிறுவனத்தில் 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர், 1 சதவீதத்துக்கு மேல் பங்கும் 1,50,000 டாலருக்கு மேல் சம்பளமும் உள்ளவர், 2024 கணக்குப்படி 2,20,000 டாலருக்கு மேல் வாங்கும் அதிகாரி. இதில் ஒருவகையில் வந்தாலே போதும்.

சிக்கல் எங்கே?

சாஃப்ட்வேர் தரும் வழக்கமான ரிப்போர்ட்டில் பெயர், சம்பளம், இருப்பு இருக்கும். உறவுமுறை இருக்காது. ஆனால் உரிமையாளரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் அங்கே வேலை பார்த்தால், அவருடைய பங்கு இவர்களுக்கும் இருப்பதாகவே சட்டம் பார்க்கும். சம்பளம் எவ்வளவு குறைவு என்பது மேட்டரே இல்லை. அண்ணன், தம்பிக்கு இது பொருந்தாது.

ஒரு உதாரணம். சின்ன கம்பெனி, திட்டத்தில் மொத்தம் 10 லட்சம் டாலர். உரிமையாளர் கணக்கில் 5,80,000. அதாவது 58 சதவீதம், பாஸ்! ஆனால் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பது அவருடைய மகள். அவர் கணக்கில் 40,000 டாலர். அதையும் சேர்த்தால் 62 சதவீதம். திட்டம் டாப் ஹெவி.

இதனால் யாருக்கு என்ன?

ஆண்டின் கடைசி நாளில் வேலையில் இருக்கும் மற்ற ஊழியர்களுக்கு, பொதுவாகச் சம்பளத்தில் 3 சதவீதத்தை நிறுவனம் போட வேண்டும். அவர்கள் சொந்தமாக ஒரு டாலர்கூட சேமிக்காவிட்டாலும் சரி. 40,000 டாலர் சம்பளக்காரருக்கு இது 1,200 டாலர். ரிப்போர்ட்டில் ஒரு காலம் விடுபட்டால் போவது இந்தப் பணம்தான். முக்கிய ஊழியர்கள் யாருக்குமே அந்த ஆண்டில் 3 சதவீதம் சேரவில்லை என்றால், அவர்களில் அதிகபட்சமாக யாருக்குச் சேர்ந்ததோ அந்த சதவீதம் போதும். 'சேஃப் ஹார்பர்' வகையில், அதற்குரிய பங்களிப்பும் ஊழியர் சேமிப்பும் மட்டுமே உள்ள திட்டங்களுக்கு இந்த டெஸ்ட்டிலிருந்தே விலக்கு.

தனி ரிப்போர்ட்டில் என்னென்ன வேணும்?

பங்கு சதவீதம், உறவு, பதவி ஆகியவற்றுக்குத் தனித்தனி காலம். அடுத்தது, பலரும் கோட்டை விடும் இடம்: வெளியே எடுத்த பணம். வேலையில் இருந்துகொண்டே எடுத்திருந்தால் கடந்த 5 ஆண்டுகளில் எடுத்ததையும், வேலையை விட்டவர் எடுத்திருந்தால் கடைசி ஓராண்டில் எடுத்ததையும் இருப்போடு திரும்பச் சேர்க்க வேண்டும். திட்டத்திலிருந்து வாங்கிய கடன் பாக்கியும் இருப்புதான்.

கழிக்க வேண்டியதும் உண்டு. கடைசி ஓராண்டில் ஒரு நாள்கூட வேலை செய்யாத முன்னாள் ஊழியர்களின் இருப்பு கணக்கில் வரக்கூடாது. அதை எடுக்காமல் விட்டால் மொத்தம் பெருத்து, சதவீதம் குறைந்து, ஃபெயில் ஆக வேண்டிய திட்டம் பாஸ் ஆனதுபோலத் தெரியும். முன்பு முக்கிய ஊழியராக இருந்து இப்போது அப்படி இல்லாதவரை இரண்டு பக்கத்திலிருந்தும் நீக்க வேண்டும்.

திட்டத்தைக் கவனிக்கும் நிறுவனத்தை மாற்றும்போது கூடுதல் கவனம் தேவை. புது சிஸ்டத்தில் இருப்பு வந்து சேரும், பழைய 'எடுத்த பணம்' விவரம் வராமல் போகலாம். அதனால் ஒவ்வொரு ஆண்டின் ரிப்போர்ட்டையும் குறைந்தது 5 ஆண்டுக்காவது தனியாக எடுத்து வைப்பது நல்லது.