மூன்றாம் மனிதருக்காகப் பிறந்த சட்டம்

1996-இல் தில்லியில் ஒரு பழைய மாருதி கார் வாங்கினேன். "ஃபுல் இன்ஷூரன்ஸா, தேர்ட் பார்ட்டி மட்டுமா சார்?" என்று ஏஜெண்டு கேட்டார். "போலீஸ் கேட்டா காட்டறதுக்கு எது போதும்?" என்றேன். "தேர்ட் பார்ட்டியே போதும்." அதையே எடுத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் மாமியாரை மதுராவுக்கு அழைத்துச் சென்றபோது பனிமூட்டத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. வண்டியை ஒடித்தேன், மரத்தில் மோதியது. எனக்குத் தோள் எலும்பும் அவருக்குக் கையும் முறிந்தன. கார் பழைய இரும்புக்குப் போயிற்று. இன்ஷூரன்ஸில் எங்களுக்கு ஒரு பைசா கிடையாது என்றார்கள். மாடு செத்திருந்தால் மாட்டுக்காரருக்குக் கிடைத்திருக்குமாம்! "மாட்டுக்கு இருக்கிற மதிப்பு நமக்கு இல்லையா மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டார். அதற்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்கள் பெருகிய காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சங்கடம் எழுந்தது. அடிபட்டவர் வழக்கில் ஜெயிப்பார். ஆனால் இடித்தவரிடம் கொடுக்கப் பணம் இருக்காது. அதனால் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதே வழியில் இந்தியாவில் 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை 1 முதல்தான் அமலுக்கு வந்தது. காப்பீடு எடுப்பவர் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர், தெருவில் போகிறவர் மூன்றாம் நபர். சட்டம் கவலைப்பட்டது அந்த மூன்றாம் நபரைப் பற்றி மட்டுமே.

அவருக்கான பாதுகாப்பு படிப்படியாக வளர்ந்தது. சரக்கு வண்டிகளுக்குத் தொடக்கத்தில் 20,000 ரூபாயாக இருந்த பொறுப்பு வரம்பு, 1982-இல் ஒன்றரை லட்சமாயிற்று. 1989 ஜூலையில் அமலான 1988-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் வரம்பையே நீக்கியது. பிறர் சொத்துக்குச் சேதம் என்றால் மட்டும் அந்தச் சட்டம் அப்போது விதித்த வரம்பு 6,000 ரூபாயாக இருந்தது. ஆகவே இன்னொருவரை இடித்துவிட்டால், நம் வீட்டை விற்று நஷ்டஈடு கட்டாமல் அந்தக் குறைந்தபட்ச பாலிசி நம்மைக் காக்கிறது. இது சிறிய காரியமல்ல.

ஆனால் ஓட்டுகிறவரின் உடம்புக்கு? வண்டிச் சொந்தக்காரரின் சொந்தக் காயத்துக்குச் சட்டப்படி காப்பீடு கட்டாயமில்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டணமின்றிப் பின்னால் உட்கார்ந்து வருபவரும் இந்தக் குறைந்தபட்ச பாலிசிக்குள் வரமாட்டார் என்று 2006-இல் ஒரு ஸ்கூட்டர் வழக்கில் தீர்ப்பு வந்தது. மாமியாரின் கேள்விக்குச் சட்டத்தின் பதில் இதுதான்.

பிறகு சற்று மாற்றம் வந்தது. 2002-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி, சொந்தக் காரை ஓட்டுபவருக்கு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருந்தது. இது போதாது, குறைந்தது 15 லட்சமாக்குங்கள் என்று 2017 அக்டோபரில் கூறியது நம் சென்னை உயர் நீதிமன்றம்! 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாறே உத்தரவிட்டது. ஒரு குடும்பத் தலைவர் போய்விட்டால் 2 லட்சம் எத்தனை மாதத்துக்கு வரும்? ஆனாலும் அந்த 15 லட்சம் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். என்னைப்போல் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு நம் கையிலிருந்துதான். கூட வரும் மனைவி மக்களுக்கும் அது பொருந்தாது.

ஆகவே குறைந்தபட்ச காப்பீடு போதுமா என்றால், தெருவில் போகிறவருக்குப் பெரும்பாலும் போதும். ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்குப் போதாது. நம்மில் பலர் கோடை விடுமுறையில் காரிலேயே ஊருக்குப் போகிறோம். கிளம்புமுன் பாலிசியை எடுத்து, வண்டிச் சேதம், உடன் வருவோர், சம்பள டிரைவர் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். போலீஸுக்குக் காட்ட எது போதும் என்று நான் கேட்டதுபோல் நீங்கள் கேட்க வேண்டாம்.