நாலாம் இடத்து வீராங்கனை

மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "பழைய ஞாபகம் எதையாவது எழுதுங்களேன் சார்" என்றார். எனக்கு முதலில் நினைவு வந்தது நம் மைதானத்து மூலையில் நின்ற பேரலல் பார்தான். மயிலாப்பூர் வெயிலில் அதைப் பிடித்தவர்களுக்கு உள்ளங்கை எரிச்சல் மறந்திருக்காது. நம் பி.டி. மாஸ்டர், 1920-இல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர். "தாவுறதை எவனும் தாவிடுவான்டா, வந்து நிக்கணும், அதான் வித்தை" என்பார். ஒருநாள் இறங்கும்போது எனக்குக் கணுக்கால் பிசகியது. அதோடு அந்தப் பக்கமே போகவில்லை.

மாஸ்டர் சொன்னதன் அர்த்தம் 2016 ஆகஸ்ட் 14 இரவு டி.வி. முன்னால் விளங்கியது. ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிப் போட்டி. அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் ஓடிவரத் தயாராக நின்றார்.

1993-இல் பிறந்தவர், அப்பா பளுதூக்கும் பயிற்சியாளர். ஆறு வயதில் பயிற்சிக்குப் போனபோது குழந்தைக்குத் தட்டைப் பாதம். குதித்து இறங்க அது பெரிய இடைஞ்சல். பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தியிடம் ஆண்டுக்கணக்கில் பழகி அதைச் சமாளித்தார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். பிறகு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 1964-க்குப் பின் நம் நாட்டிலிருந்து இந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக் போனவர் எவருமில்லை.

அவர் எடுத்துக்கொண்டது 'ப்ரோடுனோவா' வால்ட். ஓடிவந்து, மேசையில் கை ஊன்றி எழும்பி, காற்றில் முன்புறமாக இரண்டு கரணம் அடித்துக் காலில் இறங்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் கழுத்துக்கே ஆபத்து. அதனால்தான் அப்போது அதற்குக் கடினப் புள்ளி 7.0 ஆக இருந்தது. தீபா கரணத்தை முடித்தார். ஆனால் இறங்கியபோது ஏறக்குறைய உட்கார்ந்தே விட்டார். மொத்தம் 15.066. வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெயின்க்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.15. நாலாம் இடம்!

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2017-இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. 2018-இல் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகச் சேலஞ்ச் கோப்பையில் தங்கம். பிறகு, தடை செய்யப்பட்ட மருந்துப் பொருள் சோதனையில் தெரிந்ததால் 21 மாதத் தடை. அது 2023 ஜூலையில் முடிந்தது. இனி அவ்வளவுதான் என்றார்கள். 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம். இந்தியர் எவரும் அதற்குமுன் அங்கே தங்கம் வாங்கியதில்லை. அப்போது அவருக்கு வயது 30. அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

என் கணுக்கால் வலி பத்தே நாளில் போய்விட்டது. பயம்தான் போகவில்லை. சந்திப்பு நாளன்று மைதானத்து மூலைக்கு ஒரு நடை போய் வரலாம் என்றிருக்கிறேன். தாவ வயதில்லை, சும்மா போய் நிற்கத்தான். கூட வருகிறீர்களா?